கைக்குத் தெரிந்த கணக்கு தாளில் ஏன் தடுமாறுகிறது?

காவிரிப் படுகையின் சிற்றூர் ஒன்றிலிருந்து முப்பத்து நான்கு வயதுச் சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். பிளஸ் டூவில் வரலாற்றுப் பிரிவு படித்தவர். திருமணத்துக்குப் பின் படிப்பு நின்றுபோனது. ஆறு ஆண்டுகளாக வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். அரிசி, உளுந்து கொள்முதலிலிருந்து கடைகளுக்குப் போடும் பாக்கெட் கணக்கு வரை அவரே பார்த்துக்கொள்கிறார். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வை ஒருமுறை எழுதியவர், இப்போது இரண்டாம் முறைக்குத் தயாராகிறார். தமிழும் பொது அறிவும் ஓரளவு கைகூடிவிட்டன. கணக்குப் பகுதியின் 25 வினாக்களில் ஏழுதான் சரியாக வந்தன. விகிதம், வயது, ஆள் நாள் என்று வினா தொடங்கினாலே பதற்றம் வந்துவிடுகிறது என்கிறார். ஒன்பதாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் எல்லோரும் கேட்க “உனக்குக் கணக்கு வராது” என்று சொன்னது இன்றும் காதில் ஒலிப்பதாக எழுதியிருக்கிறார். காணொளிகளைப் பார்த்து அறுபதுக்கும் மேற்பட்ட ஷார்ட்கட்டுகளை மனப்பாடம் செய்திருக்கிறார். தேர்வறையில் எதை எங்கே போடுவது என்று தெரியவில்லை.

அவர் கேட்பவை மூன்று. அந்த 25 வினாக்களையும் விட்டுவிட்டு மற்ற பகுதிகளில் ஈடுகட்டிவிடலாமா? “25-க்கு 25 உறுதி” என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையத்தில் 18,000 ரூபாய் கட்டிச் சேரலாமா? ஆறாம் வகுப்பு படிக்கும் மகளும் இப்போது விகிதப் பாடத்தில் திணறுகிறாள். தன் குறை அவளுக்கும் வந்துவிட்டதா? கடிதத்தோடு, தான் போட்டுத் தவறிய கணக்குகள் உள்ள நான்கு நோட்டுப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைவிட அந்த நான்கு பக்கங்களைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தியவன் என்ற முறையில் அவற்றில் முதலில் என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். அந்தப் பக்கங்களில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எதிலும் ஒரு பிழைகூட இல்லை. 96-ஐ 5-ஆல் வகுத்து 19.2 என்று தசமப் புள்ளி பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். கணக்கு வராதவரின் கை இப்படி வகுக்காது. உங்கள் தவறுகள் எல்லாமே கணக்குப் போடத் தொடங்குவதற்கு முன்பே, வினாவின் வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றும் அந்த ஒரே இடத்தில் நடக்கின்றன. இதைத் திருத்த முடியும். திருத்துவதற்கு வேண்டிய அறிவு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் அந்தப் பக்கங்களை வைத்தே காட்டுகிறேன்.

மாவில் செய்வதைத் தாளில் விட்டுவிடுகிறீர்கள்

முதல் பக்கத்துக் கணக்கு: இரண்டு எண்களின் விகிதம் 3 : 5, அவற்றின் கூடுதல் 96 எனில் அந்த எண்கள் யாவை? நீங்கள் 96-ஐ 3-ஆல் வகுத்து 32 என்றும், 5-ஆல் வகுத்து 19.2 என்றும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குறி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டையும் கூட்டினால் 96 வரவில்லை என்பது உங்களுக்கே உறுத்தியிருக்கிறது.

இனி உங்கள் அடுப்படிக்கு வருவோம். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று எழுதியிருக்கிறீர்கள். அரிசியும் உளுந்துமாகச் சேர்த்துப் பதினைந்து கிலோ ஊறவைக்க வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்? 15-ஐ 4-ஆல் வகுக்க மாட்டீர்கள். நான்கும் ஒன்றும் ஐந்து, 15-ல் ஐந்தில் ஒன்று மூன்று கிலோ, ஆகவே உளுந்து மூன்று, அரிசி பன்னிரண்டு என்று பேச்சோடு பேச்சாக அளந்து போட்டுவிடுவீர்கள். இதைத்தான் முதல் பக்கத்திலும் செய்திருக்க வேண்டும். 3-ம் 5-ம் சேர்ந்து 8 பங்கு. 96-ஐ எட்டுப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 12. மூன்று பங்கு 36, ஐந்து பங்கு 60. இரண்டையும் கூட்டினால் 96.

விகிதத்தில் எழுதியிருக்கும் எண்கள் அளவுகள் அல்ல, பங்குகளின் எண்ணிக்கை. “3 : 5” என்று பார்த்ததும் மூன்று, ஐந்து என்று நினைக்காமல் “மூன்று பங்கு, ஐந்து பங்கு” என்று வாய்விட்டே படியுங்கள். ஒரு பங்கின் அளவு தெரியாது. அதற்கு ப என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். 3ப + 5ப = 96, 8ப = 96, ப = 12. புத்தகத்தில் இந்த இடத்தில் எக்ஸ் என்று போட்டிருப்பார்கள். “இந்த எக்ஸ் எல்லாம் சயின்ஸ் குரூப் படித்தவர்களுக்கு” என்று நீங்கள் எழுதியிருப்பது சரியல்ல. நம் நாட்டின் பழைய கணித நூலார் தெரியாத அளவை ‘யாவத் தாவத்’ என்று குறித்தார்கள். எவ்வளவோ அவ்வளவு என்பது அதன் பொருள். இரண்டாவது, மூன்றாவது என்று தெரியாத அளவுகள் வந்தால் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயரை இட்டார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: தெரியாததைத் தெரிந்ததுபோல் கையில் எடுத்துக்கொண்டு, வினா சொல்வதை அப்படியே எழுதிப்போவது.

இது புரிந்துவிட்டால் வருமானம், செலவு, சேமிப்பு என்று வரும் வினாக்கள் எல்லாம் இதே வகையில் அடங்கும். வருமானத்துக்கும் செலவுக்கும் விகிதம் 7 : 5, சேமிப்பு 6,000 ரூபாய் என்றால், கொடுக்கப்பட்ட தொகை மொத்தப் பங்குகளுக்கு உரியதா, வேறுபாட்டுக்கு உரியதா என்பதை மட்டும் முதலில் பார்க்க வேண்டும். சேமிப்பு என்பது ஏழு பங்கிலிருந்து ஐந்து பங்கு போக மிஞ்சும் இரண்டு பங்கு. இரண்டு பங்கு 6,000 என்றால் ஒரு பங்கு 3,000. வருமானம் 21,000, செலவு 15,000. தொகை எத்தனை பங்குக்கு உரியது என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பேனாவைத் தாளில் வைக்காதீர்கள்.

எழுத்து ஓர் ஆளைக் குறிப்பதல்ல, ஓர் எண்ணைக் குறிப்பது

இரண்டாம் பக்கத்தில் இருப்பது வயதுக் கணக்கு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் தாயின் வயது மகளின் வயதைப் போல் ஏழு மடங்கு. இன்னும் ஐந்து ஆண்டுகளில் மூன்று மடங்காகும். இன்று தாயின் வயது என்ன? நீங்கள் முதல் வரியில் 7தா = ம என்றும், இரண்டாம் வரியில் 3தா = ம என்றும் எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறீர்கள்.

இந்தத் தவறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்காகத்தான் நீங்கள் உங்களை அதிகம் நொந்துகொண்டிருக்கிறீர்கள். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட் என்ற ஆய்வாளர், முதலாண்டு பொறியியல் மாணவர்கள் 150 பேரிடம் “இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள்” என்ற வாக்கியத்தைக் கொடுத்துச் சமன்பாடாக எழுதச் சொன்னார். அவர்களில் 37 விழுக்காட்டினர் தவறாக எழுதினார்கள். தவறியவர்களில் பெரும்பாலோர் செய்தது நீங்கள் செய்ததைத்தான்: ஆறை மாணவர் பக்கத்தில் வைத்துப் பெருக்கிவிட்டார்கள். பொறியியல் படிக்க வந்தவர்களே சறுக்கிய இடத்தில் நீங்களும் சறுக்கியிருக்கிறீர்கள். இதை மூளைக் குறையென்று யாரும் சொல்ல முடியாது.

காரணம் இதுதான். தா என்று எழுதும்போது மனம் அதைத் தாய் என்ற ஆளாக நினைத்துக்கொள்கிறது. “7தா” என்பது பெரிய பக்கத்தில் பெரிய எண்ணை ஒட்டிவைத்ததுபோல் தோன்றி மனத்துக்கு நிறைவைத் தருகிறது. ஆனால் தா என்பது தாயின் வயது என்ற எண். அதை ஏழால் பெருக்கினால் இன்னும் பெரிய எண்தான் வரும். அது மகளின் வயதாக இருக்கவே முடியாது. எழுத்தைத் தேர்ந்தெடுத்தவுடன் “ம என்பது மகளின் வயது, ஆண்டுகளில்” என்று ஒரு வரி முழுதாக எழுதிவிட்டால் இந்த மயக்கம் பெரும்பாலும் விலகிவிடும்.

இதில் தமிழ் வாக்கியத்தின் அமைப்பே உங்களுக்குக் கைகொடுக்கிறது என்பதையும் கவனியுங்கள். “தாயின் வயது மகளின் வயதைப் போல் ஏழு மடங்கு.” ஏழு என்ற எண் மகளின் வயதை ஒட்டித்தானே நிற்கிறது? “போல்”, “விட” என்ற சொற்கள் எதோடு ஒட்டியிருக்கின்றனவோ, அதைத்தான் பெருக்கவோ கூட்டவோ வேண்டும். “மகளைப் போல் ஏழு மடங்கு” என்றால் மகளின் வயதை ஏழால் பெருக்குவது. “மகளைவிட முப்பது வயது மூத்தவர்” என்றால் மகளின் வயதோடு முப்பதைக் கூட்டுவது. வகுப்பில் நான் இந்தச் சொற்களுக்கு அடியில் கோடு போடச் சொல்லுவேன். வினாவில் உள்ள எண்களை மட்டும் கண்ணால் பொறுக்கி எடுத்துக்கொண்டு சொற்களை விட்டுவிடும் பழக்கம், வேகமாகப் போட வேண்டும் என்று ஓயாமல் கேட்டுக் கேட்டு வந்தது. உங்கள் இரண்டாம் பக்கத்தில் வினாவின் எண்களைச் சுற்றி வட்டம் இருக்கிறது. சொற்களுக்கு ஒரு கோடுகூட இல்லை.

இனிக் கணக்கைப் போடுவோம். மூன்று காலங்கள் வருகின்றன: ஐந்தாண்டுக்கு முன், இன்று, ஐந்தாண்டுக்குப் பின். வாக்கியம் எந்தக் காலத்தில் எளிதாக இருக்கிறதோ, அங்கே எழுத்தை வையுங்கள். ஐந்தாண்டுக்கு முன் மகளின் வயது ம என்றால், அப்போது தாயின் வயது 7ம. அங்கிருந்து இரண்டாவது காலத்துக்குப் பத்து ஆண்டுகள். அந்தப் பத்து இருவருக்கும் கூடும். ஆகவே மகளுக்கு ம + 10, தாய்க்கு 7ம + 10. அப்போது தாயின் வயது மூன்று மடங்கு: 7ம + 10 = 3(ம + 10). அடைப்பை நீக்கினால் 7ம + 10 = 3ம + 30. இருபக்கமும் 3ம-ஐயும் 10-ஐயும் கழித்தால் 4ம = 20, ம = 5. ஐந்தாண்டுக்கு முன் மகளுக்கு 5, தாய்க்கு 35. இன்று 10, 40. ஐந்தாண்டுக்குப் பின் 15, 45. முப்பத்தைந்து ஐந்தின் ஏழு மடங்கு, நாற்பத்தைந்து பதினைந்தின் மூன்று மடங்கு. விடை 40.

மூன்று காலத்திலும் இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு முப்பதாகவே இருப்பதையும், விகிதம் மட்டும் மாறிக்கொண்டே வருவதையும் பாருங்கள். உங்கள் மாவிலும் இதே நியாயம்தான். பன்னிரண்டு கிலோ அரிசியோடும் மூன்று கிலோ உளுந்தோடும் ஆளுக்கு ஒரு கிலோ சேர்த்துவிட்டு “இரண்டிலும் ஒரே அளவுதானே கூட்டினேன்” என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். 13-க்கு 4 என்றால் உளுந்து கூடிவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஒரே எண்ணைக் கூட்டினால் வேறுபாடு நிலைக்கும், விகிதம் மாறும். ஒரே எண்ணால் பெருக்கினால் விகிதம் நிலைக்கும், வேறுபாடு மாறும். வயதுக் கணக்கு எல்லாமே இந்த இரண்டு வரிகளின் மேல் நிற்பவை.

ஷார்ட்கட்டுக்குள் ஒளிந்திருக்கும் நிபந்தனை

மூன்றாம் பக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான வருத்தம் வந்தது. ஒரு வகுப்பில் மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் உள்ள விகிதம் 4 : 5, ஆறு மாணவிகள் புதிதாகச் சேர்ந்ததும் விகிதம் 2 : 3 ஆகிறது, மாணவர்கள் எத்தனை பேர்? நீங்கள் மனப்பாடம் செய்த ஒரு சூத்திரத்தை இங்கே போட்டிருக்கிறீர்கள். அதில் −3 என்று வந்திருக்கிறது. ஆள் எண்ணிக்கை கழித்தல் குறியோடு வராதே என்று அந்தக் குறியை அடித்துவிட்டு, ஒரு பங்கு 3, மாணவர்கள் 12 பேர், மாணவிகள் 15 பேர் என்று முடித்திருக்கிறீர்கள்.

அந்தச் சூத்திரம் தவறானது அல்ல. இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டும் கணக்குக்கு அது உரியது. இங்கே கூட்டியது ஒரு பக்கம் மட்டும். அந்த நிபந்தனையைச் சூத்திரத்தைச் சொல்லிக்கொடுத்தவர் சொல்லாமல் விட்டாரோ, சொல்லியும் உங்கள் மனத்தில் நிற்கவில்லையோ, தெரியாது. எப்படியானாலும் அந்தக் கழித்தல் குறி “இந்த வழி இங்கே பொருந்தாது” என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை அடித்த இடத்தில்தான் விடை கைநழுவியது. 12, 15 என்ற உங்கள் விடையை வினாவில் வைத்துப் பாருங்கள்: 15-ஓடு 6 சேர்ந்தால் 21, 12 : 21 என்பது 4 : 7. வினா கேட்டது 2 : 3. பத்து நொடியில் முடியும் இந்தச் சரிபார்ப்பு அந்த விடையைத் தடுத்திருக்கும்.

படிப்படியாகப் போட்டால்: மாணவர்கள் 4ப, மாணவிகள் 5ப. ஆறு பேர் சேர்ந்தபின் மாணவிகள் 5ப + 6. இப்போது 4ப-க்கும் 5ப + 6-க்கும் விகிதம் 2 : 3. குறுக்குப் பெருக்கல் செய்தால் 3 × 4ப = 2 × (5ப + 6), அதாவது 12ப = 10ப + 12, ப = 6. மாணவர்கள் 24 பேர். மாணவிகள் 30 பேராக இருந்து 36 பேராகிறார்கள். 24 : 36 என்பது 2 : 3.

இதையே பங்குகளாகவும் பார்க்கலாம். மாணவர் எண்ணிக்கை மாறவில்லை. முன்பு அவர்கள் நான்கு பங்கு, இப்போது இரண்டு பங்கு. மாறாத ஒன்றுக்கு இரண்டு பெயர் இருக்கக் கூடாது, ஆகவே 2 : 3-ஐ 4 : 6 என்று மாற்றி எழுதுகிறோம். மாணவிகள் ஐந்து பங்கிலிருந்து ஆறு பங்காகியிருக்கிறார்கள். கூடிய ஒரு பங்குதான் புதிதாக வந்த ஆறு பேர். நான்கு பங்கு 24. வாய்க்கணக்காகவே முடிந்துவிட்டது. உண்மையான ஷார்ட்கட் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். காரணம் தெரிந்து சுருக்கிய வழி மறந்துபோனாலும் அதை மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம். உங்கள் அறுபதில் எவற்றுக்கு உங்களால் காரணம் சொல்ல முடிகிறதோ, அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தேர்வு முடியும் வரை மூடிவையுங்கள்.

ஆள் நாள் கணக்கில் உங்கள் தவறு சிறியது. 12 பேர் 15 நாளில் முடிக்கும் வேலையை 10 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்பதற்கு 12.5 என்று எழுதியிருக்கிறீர்கள். ஆள் குறைந்தால் நாள் கூட வேண்டும். 15-ஐவிடக் குறைந்த எந்த விடையும் இங்கே செல்லாது. மொத்த வேலை 12 × 15 = 180 ஆள்நாள்; அதைப் பத்துப் பேர் பகிர்ந்தால் 18 நாள். போடுவதற்கு முன் “கூடுமா, குறையுமா?” என்று ஓரத்தில் எழுதிக்கொண்டால் போதும்.

விட்டுவிடலாமா, நேரம் போதுமா?

இனி உங்கள் முதல் கேள்வி. குரூப் 4 தாளில் 200 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். கணக்கும் திறனறிவும் 25 வினாக்கள். ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் அந்தப் பகுதியின் மதிப்பு 37.5. தரவரிசையில் ஒரே வினாவின் ஒன்றரை மதிப்பெண்ணும் ஆளை முன்பின்னாக்கும் தேர்வில் இதை முழுதாகக் கைவிட்டு, ஏற்கெனவே நன்றாக எழுதும் தமிழில் ஈடுகட்டலாம் என்று நினைப்பது சரிவராது. மேலே போகப் போக ஒவ்வொரு மதிப்பெண்ணும் அங்கே கடினமாகும், இங்கேயோ உங்களுக்கு ஏறுவதற்கு நிறைய இடம் இருக்கிறது. அந்த 25 வினாக்களும் விகிதக் கணக்குகளாகவே வருவதில்லை. சுருக்குதல், விழுக்காடு, மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, வட்டி, பரப்பு, எண் தொடர், பகடை என்று பரவிக்கிடக்கின்றன. விழுக்காடு என்பது நூறோடு ஒப்பிடும் விகிதம்தான். வட்டியிலும் வேலைக் கணக்கிலும் அதுவே திரும்ப வருகிறது. ஆகவே விகிதத்தைச் சரிசெய்தால் பல இடங்கள் சேர்ந்தே சரியாகும்.

படிப்படியாக எழுதினால் நேரம் போதாது என்று அஞ்சுகிறீர்கள். கணக்குப் பார்ப்போம். 200 வினாவுக்கு 180 நிமிடம் என்றால் ஒன்றுக்கு 54 நொடி என்பது உண்மை. ஆனால் தமிழிலும் பொது அறிவிலும் படித்த வினாவுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. அந்த 175 வினாக்களையும் சராசரி 40 நொடியில் முடித்தால் 117 நிமிடத்துக்குள் அடங்கும். மீதி 63 நிமிடம். விடைக்குரிய வட்டங்களை நிரப்பும் ஓஎம்ஆர் தாளைச் சரிபார்க்கப் பத்து நிமிடத்தை ஒதுக்கினாலும், கணக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. மேலே போட்ட வயதுக் கணக்கை நிதானமாக எழுதிப் பார்த்தேன்; ஒன்றரை நிமிடம் ஆயிற்று.

தவறான விடைக்கு இந்தத் தேர்வில் மதிப்பெண் கழிப்பதில்லை. விடை தெரியாதவற்றுக்கென ஓஎம்ஆர் தாளில் ஐந்தாவது வட்டம் இருப்பதால், எந்த வினாவையும் வெற்றாக விட வேண்டாம். கொடுத்திருக்கும் விடைகளை வினாவில் வைத்துப் பார்ப்பதும் நேர்மையான வழிதான். “அது ஏமாற்றுவதுபோல் இருக்கிறது” என்று நீங்கள் தயங்கத் தேவையில்லை. வயதுக் கணக்குக்கு 30, 35, 40, 45 என்று விடைகள் இருந்தால், ஒவ்வொன்றிலும் ஐந்தைக் கழித்து ஏழால் வகுபடுகிறதா என்று பாருங்கள்: 25, 30, 35, 40 ஆகியவற்றில் 35 மட்டுமே வகுபடும், ஆகவே 40-ஐத் தவிர வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. ஆனால் இந்த வழிக்கும் வாக்கியத்தைச் சரியாகப் படித்திருக்க வேண்டும். 7தா = ம என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு விடைகளும் உதவாது.

பயிற்சி மையமும் பணமும்

18,000 ரூபாய் உங்கள் மாவு வியாபாரத்தில் எத்தனை பாக்கெட் என்று உங்களுக்கே தெரியும். எந்த ஆசிரியராலும் “25-க்கு 25 உறுதி” என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லி விளம்பரம் செய்யவும் கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், பயிற்சி மையங்கள் தேர்ச்சியையோ மதிப்பெண்ணையோ உறுதியளிப்பதுபோல் விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. சேர்வது என்றே முடிவெடுத்தால், இடையில் நின்றால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். சிக்கல் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

என் கருத்தைக் கேட்டால், இப்போதைக்குச் சேர வேண்டாம் என்பேன். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்குக் கட்டணமில்லா வகுப்புகள் நடத்துகிறார்கள். முதலில் அங்கே விசாரியுங்கள். அதைவிட நல்ல இடம் ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அது உங்கள் மகளின் புத்தகப்பை.

மகளோடு சேர்ந்து படியுங்கள்

ஆறாம் வகுப்பு முதல் பருவக் கணக்குப் புத்தகத்தில் ‘இயற்கணிதம் ஓர் அறிமுகம்’ என்ற பாடமும், அதை அடுத்தே ‘விகிதம் மற்றும் விகித சமம்’ என்ற பாடமும் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டிய அடிப்படை அந்த இரண்டுக்குள் அடங்கும். அவை முடிந்ததும் ஏழாம் வகுப்பின் நேர், எதிர் விகிதங்களும், எட்டாம் வகுப்பின் ‘வாழ்வியல் கணிதம்’ பாடமும் போதும். நாளுக்கு ஆறு கணக்கு, அதற்கு மேல் வேண்டாம். ஆனால் ஒவ்வொன்றிலும் எது தெரியாது என்ற வரி, உறவைச் சொல்லும் சமன்பாடு, விடையை வினாவில் வைத்துப் பார்த்த வரி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். தவறிய கணக்கைக் கிழிக்காதீர்கள், அடிக்காதீர்கள். பக்கத்தில் சரியானதை எழுதி, எந்தச் சொல்லைத் தவறாகப் படித்தீர்கள் என்று ஒரு குறிப்பு எழுதுங்கள். ஒரு மாதத்தில் அந்தக் குறிப்புகளே உங்களுக்கென்று எழுதிய கையேடாகிவிடும்.

உங்கள் குறை மகளுக்கு வந்துவிட்டதா என்ற கேள்விக்கு: வருவதற்கு உங்களிடம் குறை இருந்தால்தானே? ஆனால் வீட்டில் அவள் காதுபட “எனக்கும் கணக்கு வராது, உனக்கும் வராதுபோல” என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்த வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் உங்களிடம் ஒருவர் சொன்ன ஒரு வாக்கியம் எத்தனை ஆண்டுகள் நீடித்தது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அவளிடம் அதற்குப் பதிலாக உளுந்தைக் கொடுங்கள். இருபது கிலோ ஊறவைக்கும் நாளில் எவ்வளவு அரிசி, எவ்வளவு உளுந்து என்று அவளே அளக்கட்டும். ஏன் பதினாறும் நான்கும் என்று அவள் உங்களுக்குச் சொல்லட்டும்.

கடைசியாக நான்காம் பக்கம். அ : ஆ = 2 : 3, ஆ : இ = 4 : 5, மூவருக்கும் சேர்ந்து 7,000 ரூபாய், இ-க்கு எவ்வளவு என்று எழுதிவிட்டு, கீழே ஒன்றும் எழுதாமல் பக்கத்தை விட்டிருக்கிறீர்கள். தொடக்கத்தை மட்டும் நான் எழுதித் தருகிறேன். ஆ என்பவர் ஓரிடத்தில் மூன்று பங்காகவும் இன்னோரிடத்தில் நான்கு பங்காகவும் இருக்கிறார். வகுப்புக் கணக்கில் மாணவர்களுக்குச் செய்ததுபோல், ஒரே ஆளுக்கு ஒரே பங்கு எண்ணிக்கை வர வேண்டும். 3, 4 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12. முதல் விகிதத்தை 4-ஆல் பெருக்கினால் 8 : 12, இரண்டாவதை 3-ஆல் பெருக்கினால் 12 : 15. ஆகவே அ : ஆ : இ = 8 : 12 : 15. மொத்தம் எத்தனை பங்கு, ஒரு பங்கு எவ்வளவு, இ-க்கு எவ்வளவு என்பதை நீங்கள் எழுதுங்கள். மூன்று பேரின் தொகையும் சேர்ந்து 7,000 வருகிறதா என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு மறுபடி அனுப்புங்கள்.